மரத்துக்காரரும் வீட்டுக்காரரும்

மே 4, திங்கள்

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். போன வியாழக்கிழமை குரங்கு நோட்டுல, "11 மணி முதல் 12.15 வரை கூட்டம் முழுதும் தூங்கியது" என்று எழுதிக் கொடுத்தேன். தூங்கினது நான். சிங்கவால் குரங்கு இருபத்தேழும் அந்த நேரத்துல எங்க போச்சு, என்ன தின்னுச்சு, எனக்குத் தெரியாது. குரங்கு ஆராய்ச்சிக்கு வந்திருக்கற மேகலா அதைப் படிச்சுட்டு, "கோடையில இவ்வளவு நேரம் தூங்கும்னு நான் நினைக்கவே இல்லைக்கா" என்று பென்சிலால் அடிக்கோடு வேற போட்டுக்கிச்சு. உண்மை வாய் வரைக்கும் வந்துச்சு. விழுங்கிட்டேன்.

பாவசங்கீர்த்தனத்துல சொல்லலாம்னா, ஃபாதர் சிரிச்சுடுவார். அதனால இங்க எழுதறேன்.

இந்த நோட்டே அந்தப் பொண்ணு கொடுத்ததுதான். குரங்கு நோட்டுல கட்டம் கட்டமா இருக்கும். நேரம், ஆணா பெண்ணா, என்ன செய்தது, மழை உண்டா இல்லையா, கடைசியில "மற்றவை". அந்த மற்றவைக்கு ஒரு தீப்பெட்டி அளவு இடம். நான் அதுல ஆரம்பிச்சு ஓரத்துல ஏறி, பின்பக்கம் போய், அடுத்த நாள் தேதி மேலயும் எழுதிடுவேன். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், "அக்கா, உங்க மற்றவைக்குன்னு தனியா ஒண்ணு வச்சுக்குங்க, நான் கேட்க மாட்டேன்" என்று கொடுத்துடுச்சு. படிச்ச பொண்ணுக்கு இருக்கற பெருந்தன்மை.

நான் பிலோமினா. வயசு நாற்பத்தொன்பது, படிப்பு அஞ்சாங்கிளாஸ். இருபத்தெட்டு வருஷம் மேட்டுச்சோலை எஸ்டேட்ல கொழுந்து பறிச்சேன். போன வருஷத்துலேருந்து மலை ரோட்டுல பலாமரத்து வளைவுல நிக்கறேன். பச்சைச் சட்டை, விசில், சிவப்புக் கொடி. குரங்கு ரோட்டைக் கடக்க வந்தா வண்டியை நிறுத்தணும். கலெக்டர் வண்டியையும் நிறுத்தியிருக்கேன். கொழுந்துக் கூடையோட நின்ன காலத்துல சூப்பர்வைசர் சைக்கிள்கூட எனக்காக நின்னதில்லை.

மே 5, செவ்வாய்

தூங்கலை. குரங்கும் தூங்கலை.

மே 7, வியாழன்

எங்க வளைவைப் பத்தி எழுதிடறேன். பொள்ளாச்சியிலேருந்து பஸ் ஏறி வந்தா இடது பக்கம் மேட்டுல பெரிய பலாமரம். அதுலேருந்து பத்தடி தள்ளி ஒரு சில்வர் ஓக். வலது பக்கம் பள்ளத்துல நாவல்மரம், அதுக்குப் பின்னாடி சோலை. கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் எது எந்தப் பக்கம்னு சொல்லுவேன்.

சில்வர் ஓக்குக்கும் நாவலுக்கும் நடுவுல, ரோட்டுக்கு மேல, கயித்துப் பாலம் தொங்குது. தீயணைப்பு வண்டியில போட்டுக் கழிச்ச கித்தான் குழாயைப் பின்னி ஏணி மாதிரி கட்டினது. குரங்கு கீழ இறங்காம மேலயே போகட்டும்னு பிப்ரவரியில வந்து கட்டினாங்க. இன்னைய வரைக்கும் அதுல போனது காக்கா மட்டும்தான். மழைக்கு அப்புறம் ரோட்டை அகலப்படுத்த உயரமான வண்டியெல்லாம் வருதாம். மே முப்பத்தொண்ணுக்குள்ள ஒரு குரங்குகூட அதுல போகலைன்னா அவிழ்த்துடுவோம்னு ரோட்டு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டாங்க. சோலைப் பக்கம் நாவலும் அத்தியும் பழுக்கற நேரம். கயிறு இல்லைன்னா எல்லாம் தார் ரோட்டுல இறங்கித்தான் ஓடும். மார்ச்சுல ஒரு குட்டி அப்படி ஓடினது. அதைப் பத்தி குரங்கு நோட்டுல ஒரு வரி எழுதினேன். இதுல எழுத மாட்டேன்.

ஒவ்வொரு குரங்குக்கும் முகம் பார்த்துப் பேர் வைக்கணும்னு மேகலா சொல்லியிருந்துச்சு. காது கிழிஞ்ச கிழட்டுப் பெட்டைக்கு மாமியார்னு வச்சேன். காரணம் எழுத இடம் போதாது.

அப்புறம் ஒரு வாலிப ஆண். பிடரி மயிர் இன்னும் முழுசா வெளுக்கலை, அதுக்குள்ள இருக்கற ஆட்டம் சொல்லி முடியாது. பஸ் வந்தாத்தான் கிளையை உலுக்கும். யாரும் பார்க்கலைன்னா சும்மா உக்காந்து வயித்தைச் சொறியும். நேத்து ஒரு டூரிஸ்ட் கார் கூரையில குதிச்சு, உள்ள இருந்தவங்க அலறி முடிக்கிற வரைக்கும் இருந்து பார்த்துட்டு இறங்குச்சு.

"இவன் யாரை மாதிரி இருக்கான்க்கா?"

எஸ்டேட்ல எங்க லைன் வீடு வரிசையா இருக்கற பக்கமா மோவாயைத் தூக்கிக் காட்டினேன். மேகலா விழுந்து விழுந்து சிரிச்சுட்டு "சவரி"ன்னு எழுதிடுச்சு. எங்க வீட்டுக்காரர் பேர் சவரிமுத்து. எழுத வேண்டியிருக்கேன்னு எழுதறேன், வாயால சொன்னதில்லை.

சாயங்காலம் நோட்டைப் பார்த்துட்டுக் கேட்குது: "மத்த குரங்கெல்லாம் வந்தது, தின்றதுன்னு எழுதியிருக்கீங்க. இவனுக்கு மட்டும் வந்தார், தின்றார், பேன் பார்த்துக்கொண்டார்னு இருக்கே?"

"பேர் வச்சது நீங்க. மரியாதை கொடுக்கறது நான்."

அன்னையிலேருந்து அவர் மரத்துக்காரர். வீட்ல இருக்கறவர் வீட்டுக்காரர். குழப்பம் இல்லை.

மே 8, வெள்ளி

வீட்டுக்காரரைப் பத்தியும் எழுதணும், இல்லைன்னா கோவிச்சுக்குவார். இந்த நோட்டை அவர் பார்க்கப் போறதில்லைன்னாலும்.

முப்பது வருஷம் கவ்வாத்து வேலை. தேயிலைக்கு நிழலுக்கு நிக்கற மரத்துல ஏறிக் கிளை கழிக்கிற வேலை. கயிறு கட்டாம ஏறுவார். கட்டச் சொன்னா, "கயித்தைக் கட்டினா பார்க்கிறவனுக்கு என்ன இருக்கு?" என்பார். போன வருஷம் ஜனவரி, எஸ்டேட் பொங்கல் விளையாட்டுல வழுக்கு மரம். ஏறினதெல்லாம் இருபது வயசுப் பயலுக. இவருக்கு ஐம்பத்து மூணு. வேண்டாம்னு நானும் சொல்லலை. சொன்னா இன்னும் ரெண்டு சுத்து மீசையை முறுக்குவார். உச்சியில கட்டின துண்டுல கை வச்சுட்டார். வச்ச கையைத் தூக்கிக் கூட்டத்துக்கு ஆட்டினார். அங்கதான் போச்சு.

விழுந்ததும் எல்லாரும் சிரிச்சாங்க. வேடிக்கைக்கு விழுந்தார்னு நினைச்சுட்டாங்க. எழுந்திருக்கலைன்னதும்தான் சிரிப்பு நின்னுச்சு. தொடை எலும்பு ரெண்டு துண்டு. இரும்புத் தகடு வச்சு ஆறு மாசத்துல கூடிடுச்சு. கம்பு ஊனி நடக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். நடக்கறார், அடுப்படியிலேருந்து கட்டில் வரைக்கும். பதினாறு மாசமா வாசல்படி தாண்டலை. ஃபேக்டரியில உக்கார்ந்து செய்யற வேலை தர்றோம்னாங்க. "பொம்பளைங்களோட உக்கார்ந்து இலை பொறுக்கவா?" என்கிறார். நான் பொறுக்கியிருக்கேன், சாகலை.

மீசைக்கு மை அடிக்கறதை மட்டும் விடலை. ஞாயித்துக்கிழமை தவறாம அடிக்கறார். அடிச்சுட்டு சன்னல் திரையை இழுத்து விட்டுக்கறார்.

மே 10, ஞாயிறு

பூசை முடிஞ்சு கோவில் வாசல்ல நாலு பேர் கேட்டாங்க. ஓய்வா இருக்கார்னு சொன்னேன். பதினாறு மாசமா அதே பதில், ஒருத்தரும் புதுசாக் கேட்க மாட்டேங்கறாங்க.

ராத்திரிச் சோத்துக்குக் கருவாடு சுட்டுக்கிட்டே மரத்துக்காரர் கதையைச் சொன்னேன். நேத்து அவர் கயித்துல காலை வச்சார். எல்லாக் குரங்கும் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்குது. எட்டடி போனார். திரும்பி, எல்லாரும் பார்க்கறாங்களான்னு பார்த்தார். கயிறு ஒரு ஆட்டம் ஆடினதும் குதிச்சு வந்துட்டார். வந்து, தானே இறங்கி வந்த மாதிரி ஒரு இலையைப் பறிச்சு மோந்து பார்த்தார்.

"இலையை எதுக்கு மோந்தான்?" என்று கட்டில்லேருந்து கேட்டார்.

"விழுந்தவங்க எல்லாம் அப்படித்தான் ஏதாவது செய்வாங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். கருவாடு கொஞ்சம் கருகிடுச்சு.

மே 13, புதன்

மதியம் வளைவுல இருக்கற சின்ன ஓடைப் பாலத்துச் சுவர்ல உட்கார்ந்து மேகலாவோட சாப்பிட்டேன். அது தயிர்சாதம், நான் பழையதும் வெங்காயமும். டப்பாவை மாத்திக்கிட்டோம்.

"எனக்கு ஒண்ணு சொல்லு பாப்பா. கூட்டத்துல இருபத்தாறும் ஒழுங்கா இருக்கு. இவர் ஒருத்தர் மட்டும் ஏன் இப்படி?"

"எல்லாக் கூட்டத்துலயும் ரெண்டொரு ஆள் இப்படி இருக்கும்க்கா. அடி படறதும் அவன்தான், முதல்ல சாகறதும் பல நேரம் அவன்தான்."

"அப்ப எப்பவோ அந்த ரகமே அழிஞ்சு போயிருக்கணுமே?"

மேகலா வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டு யோசிச்சுச்சு. "ஒரு மரத்துல பழம் தீர்ந்து போச்சுன்னு வைங்க. பக்கத்துல தெரியாத மரம். அது விஷமா, பழமா தெரியாது. முதல்ல யார் வாய் வைக்கறது? மாமியார் வைக்காது. குட்டி வச்சிருக்கறது வைக்காது. இவன் வைப்பான். செத்தா ஒரு ஆள் போச்சு. சாகலைன்னா கூட்டத்துக்கே சோறு. எல்லாரும் இவனை மாதிரி இருந்தா கூட்டம் ஒரு வருஷம் தாங்காது. ஒருத்தன்கூட இல்லைன்னாலும் தாங்காது. அதான் எத்தனையோ ஆயிரம் வருஷமா ரெண்டொருத்தன் பிறந்துக்கிட்டே இருக்கான்."

"சரி, வாய் வைக்கட்டும். அதை ஊரைக் கூட்டித்தான் வைக்கணுமா?"

"அவனுக்கு அதுல லாபம் இருக்குக்கா. இவ்வளவு ஆபத்துல போய் முழுசாத் திரும்பி வந்திருக்கேன், என் உடம்பைப் பாருன்னு சொல்ற மாதிரி. அதைப் பொய்யாக் காட்ட முடியாதில்ல? பலம் இல்லாதவன் செஞ்சா விழுந்துடுவான். பெட்டைங்க அதைப் பார்க்கும்."

"பார்க்குமா?"

"நல்லாவே பார்க்கும். பார்க்காத மாதிரி இருக்கும்."

எனக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ சுரீர்னுச்சு. வெங்காயம் காரம், கடிச்சது மேகலாதான்னாலும்.

மே 14, வியாழன்

நேத்து பேசினது இன்னும் மண்டைக்குள்ள ஓடுது.

இருபது வயசுல மூணாம் நம்பர் காட்டுல கொழுந்து பறிச்சுக்கிட்டிருந்தேன். எடை போடற கொட்டகைக்குப் பக்கத்துல இருந்த மரத்துல ஒருத்தர் கால் ரெண்டையும் கிளையில மாட்டித் தலைகீழாத் தொங்கிக்கிட்டு வெத்தலை மடிச்சுக்கிட்டிருந்தார். நான் பார்க்கவே இல்லைன்னு இந்த இருபத்தொன்பது வருஷமா அவர்கிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன். அன்னைக்கு என் கூடையில கொழுந்தைவிடக் கம்பு அதிகம்னு சூப்பர்வைசர் திட்டினார். அது வேற விஷயம்.

எங்க லைன்ல பொம்பளைப் பிள்ளையை முதல்ல ஹாஸ்டல்ல விட்டது அவர். எங்க ரெஜினா போனப்ப, "மகளை அடுத்தவன் சோத்துக்கு விட்டுட்டான்"னு பேசினாங்க. டவுசர் பாக்கெட்டுல கையை விட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடு ரோட்டுல கூட்டிட்டுப் போனார், எல்லாரும் பார்க்கட்டும்னு. அடுத்த வருஷம் அதே லைன்லேருந்து ஆறு பிள்ளைங்க போச்சு. ஒத்தை யானை தண்ணித் தொட்டியை மறிச்சு நின்னப்ப, முதல் ஆளாத் தகரத்தைத் தட்டிக்கிட்டுப் போனதும் அவர்தான். பின்னாடி நாற்பது பேர் போனோம். யானை போனதும் நாற்பது பேரும் நாங்கதான் விரட்டினோம்னு சொல்லிக்கிட்டோம்.

அவர் விழுந்தப்ப சிரிச்சதும் அதே நாற்பது பேர். நான் சிரிச்சேனா? ஒரு நிமிஷம். வேடிக்கைக்கு விழுந்தார்னு நானும்தான் நினைச்சேன்.

மே 18, திங்கள்

இன்னும் பதிமூணு நாள். மரத்துக்காரர் தினம் எட்டடி போறார், திரும்பறார். மத்ததெல்லாம் சில்வர் ஓக் பக்கமே வர மாட்டேங்குது. காலையில கூட்டமா வந்து பலாமரத்துல, ரோட்டுப் பக்கம் கிளை வெட்டின மொட்டை முண்டு இருக்கே, அதுல உக்காந்து எதிர்ப்பக்கம் பார்க்குது. பார்த்துட்டுக் கீழ இறங்குது. நான் விசில் ஊதி வண்டியை நிறுத்தறேன்.

வீட்ல சொன்னேன். கட்டில்ல எழுந்து உட்கார்ந்தார்.

"கயித்தை எதுல கட்டியிருக்கானுங்க?"

"சில்வர் ஓக்குல."

"எவன் கட்டினான்?"

"கோயம்புத்தூர்லேருந்து வந்தாங்க. ஏணி வண்டி அங்கதான் நிறுத்த முடிஞ்சுதாம்."

"ஏணிக்கு வசதியாக் கட்டினா ஏணிதான் ஏறும். சில்வர் ஓக் கிளை சொல்லாம ஒடியற சாதி. நானே அதுல முழு எடையைப் போட மாட்டேன், குட்டியை வயித்துல கட்டிக்கிட்டு ஒரு தாய்க்குரங்கு போடுமா? அதுங்களுக்கு மேல ஒரு ரோடு இருக்கு பிலோமி. பட்டை வழுவழுன்னு தேஞ்சிருக்கும். ஏறினவனுக்குத்தான் தெரியும். அந்த ரோடு பலாவுலதான் வருது. அந்த முண்டுல கட்டணும்."

பதினாறு மாசத்துல அவர் ஒரே மூச்சுல பேசின நீளமான பேச்சு இதுதான். ரசம் வைக்க மறந்துட்டேன்.

மே 20, புதன்

மேகலாகிட்ட சொன்னேன். உடனே ஆபீஸ்ல பேசி அனுமதி வாங்கிடுச்சு. கவ்வாத்துக் கேங்குலேருந்து ஞானம் வந்து கட்டித் தர்றேன்னுச்சு. ஞானம் வீட்டுக்காரரோட மரம் ஏறின பழைய கூட்டாளி. இப்ப அவர் இடத்துல ஏறறது அதுதான். எந்த முண்டுல, எந்த இடத்துல, எவ்வளவு தொய்வுன்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்டுப் படம் போட்டுட்டு வரச் சொன்னாங்க.

அவர் சொல்லச் சொல்லப் போட்டேன். பாருங்க, எனக்கு இடது வலது எப்பவும் தடுமாறும். படம் ஞானம் கைக்குப் போனப்ப, பலாமரம் பள்ளத்துலயும் நாவல்மரம் ஆகாசத்துலயும் இருந்துச்சு. ஞானம் படத்தைத் தலைகீழாவும் பார்த்துட்டு, "மைனி, இதை வச்சு ஒரு கொடிகூடக் கட்ட முடியாது" என்று திருப்பிக் கொடுத்துடுச்சு.

வீட்ல போய்ச் சொன்னேன்.

"இருபத்தெட்டு வருஷம் அந்த ரோட்டுல நடந்தவளுக்கு இது தெரியாதா?"

"அஞ்சாங்கிளாஸ்தானே படிச்சேன்."

ரொம்ப நேரம் என் மூஞ்சியையே பார்த்தார். நான் அரிசியில கல் பொறுக்கினேன். அது ரேஷன் அரிசி இல்லை, கல் இல்லை. இருந்தாலும் பொறுக்கினேன்.

மே 22, வெள்ளி

மூணு நாளா மனசை அரிக்கறதை எழுதிடறேன்.

அந்தப் பலாமரத்து முண்டு எப்படி முண்டாச்சுன்னு எனக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அந்தக் கிளை ரோட்டைத் தாண்டி நாவல்மரத்தைத் தொட்டுக்கிட்டிருந்துச்சு. பஸ் கூரையில உரசுதுன்னு வெட்டச் சொன்னாங்க. அடியில கரண்டுக் கம்பி, யாரும் ஏற மாட்டேன்னாங்க. இவர் ஏறினார். ரெண்டு பஸ் நின்னுச்சு. ஜனமெல்லாம் இறங்கி அண்ணாந்து பார்த்துச்சு. கம்பியில ஒரு இலை படாம அவ்வளவு பெரிய கிளையை ரோட்டோரமாப் படுக்க வச்சார். கைதட்டல் அடங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. தட்டினதுல நானும் ஒருத்தி. எல்லாருக்கும் கேட்கற மாதிரித் தட்டினேன்.

அதுதான் குரங்குகளோட ரோடு. அன்னையிலேருந்துதான் அதுங்க கீழ இறங்குது.

இதை அவர் எனக்குச் சொல்லலை. நானும் அவருக்குச் சொல்லலை. ராத்திரி ரெண்டு பேரும் தூங்காமப் படுத்திருந்தப்ப, "அந்தக் குட்டி, மார்ச்சுல... சின்னதா?" என்று கேட்டார்.

"என் சட்டைக்குள்ள அடங்கிடுச்சுங்க."

எழுந்து கம்பைக் கட்டில் பக்கத்துல சாத்தி வச்சுட்டுப் படுத்தார்.

மே 23, சனி

காலையில எட்டரை மணிக்கு, அயர்ன் பண்ணின சட்டை, வேட்டி, மீசைக்கு மை (இன்னைக்கு ஞாயிறு இல்லை), கையில கம்பு. "என் குடையை எடுத்துட்டு வா" என்றார். அவர் குடை எங்கன்னு தெரியலை, என்னோடதை எடுத்தேன்.

வாசல்படியில நின்னார். லைன் முழுக்க வாசல்ல நின்னு பார்த்துச்சு. மேல்வீட்டு அமலி, "என்ன மாமா, கல்யாணத்துக்கா?" என்றாள். "ஆமா, பொண்ணு பார்க்க. உங்க அத்தை சரியில்லை" என்றார். அமலி என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன், வெயில்.

அரைக் கிலோமீட்டர் நடக்க முக்கால் மணி நேரம். வளைவுல ஞானம் கயித்தோட நின்னுக்கிட்டிருந்துச்சு. பதினாறு மாசமா ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை. இவர் விழுந்த அன்னைக்கு மொதல்ல சிரிச்சது ஞானம்தான்.

"வாங்கண்ணே."

"சிரிச்சே இல்ல?"

"சிரிச்சேண்ணே. அப்புறம் தூக்கிக்கிட்டு ஓடினதும் நான்தான்."

"ரெண்டும் ஞாபகம் இருக்கு. ஏறு. இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு ஏறு."

ஞானம் என்னைப் பார்த்துச்சு. இவர் வாயிலேருந்து இந்த வார்த்தையான்னு. கட்டிக்கிட்டு ஏறுச்சு.

மூணு மணி நேரம் பாலச்சுவர்ல உட்கார்ந்து கத்தினார். இன்னும் மேல, அங்க இல்லைடா, முண்டுக்குப் பின்னாடி கவட்டையில, மூணு சுத்து, தொய்வு விடாதே, அதுங்களுக்கு ஆட்டம் பிடிக்காது. மேகலா கேமராவை எடுத்தப்ப மட்டும் குரல் இன்னும் கொஞ்சம் கூடுச்சு.

மே 25, திங்கள்

மழை. ஒண்ணும் போகலை. வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார்.

மே 27, புதன்

கூட்டம் முண்டுக்கு வந்துச்சு. மாமியார் கயித்தை மோந்து பார்த்துச்சு, கடிச்சுப் பார்த்துச்சு, முதுகைத் திருப்பி உட்கார்ந்துச்சு. நிஜ மாமியாரும் எங்க வீட்டுக் கேஸ் அடுப்பைப் பார்த்து இதேதான் செஞ்சாங்க. மரத்துக்காரரைக் காணோம். காலையில எங்கேயோ சண்டை, சத்தம் கேட்டுச்சு. வீட்டுக்காரர் நாலு தடவை கேட்டார், "அவன் எங்க?" என்று. எனக்கும் தெரியலை. இன்னும் நாலு நாள்.

சாயங்காலம் திரும்பி நடக்கறப்ப, "நான் கெடுத்தது, நானே சரி பண்ணணும்னு நினைச்சேன்" என்றார். கம்பைப் பார்த்துக்கிட்டே சொன்னார். கிண்டல் பண்றதை விட்டுட்டு அவர் நடைக்கு என் நடையைக் குறைச்சேன். எனக்கு இப்படி ஆனதே இல்லை.

மே 29, வெள்ளி

போயிடுச்சு. போயிடுச்சு. போயிடுச்சு. இனிமே ஒழுங்கா எழுதறேன்.

மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் இல்லை. கூட்டம் முண்டுல வரிசையா உட்கார்ந்திருக்கு. மரத்துக்காரர் வந்தார், உதட்டுல காயம், தோள்ல கொஞ்சம் மயிர் இல்லை. முண்டுக்கு வந்து கயித்தைப் பார்த்தார், கீழ ரோட்டைப் பார்த்தார். ரோடு காலி. வயித்தைச் சொறிஞ்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார்.

"இவனுக்கு ஆள் வேணும்" என்றார் வீட்டுக்காரர். "பஸ் எப்ப?"

"மூணே முக்காலுக்கு."

"வந்ததும் நிறுத்து."

"குரங்கு கீழ இறங்கினாத்தான் நிறுத்தலாம். சட்டம்."

"நிறுத்து பிலோமி."

நிறுத்தினேன். கொடியைக் குறுக்கே பிடிச்சுக்கிட்டு நடு ரோட்டுல நின்னேன். டிரைவர் தலையை நீட்டி, "எங்கம்மா குரங்கு?" என்றார். மேல கை காட்டினேன். ஐம்பது தலை சன்னல்லேருந்து அண்ணாந்துச்சு.

மரத்துக்காரர் எழுந்தார். கிளையை ரெண்டு உலுக்கு உலுக்கினார். கயித்துல இறங்கினார். எட்டடி. நின்னார். திரும்பிப் பார்க்கப் போறார்னு நினைச்சேன். பார்க்கலை. நடு ரோட்டுக்கு மேல வந்தப்ப ரெண்டு கையால தொங்கி, காலை உதறி ஒரு ஆட்டம் ஆடினார். பஸ்ஸுக்குள்ள ஒரே கூச்சல். என் பக்கத்துல வீட்டுக்காரர் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "கையை விடாதே, கையை ஆட்டாதே, கை" என்று முணுமுணுத்துக்கிட்டே இருந்தார். என் தோளை எப்ப பிடிச்சார்னு தெரியலை. இப்பவும் வலிக்குது.

அவர் கையை விடலை. மேல ஏறி, நடந்து, நாவல்மரத்துக்குள்ள போயிட்டார்.

ஒரு நிமிஷம் ஒண்ணும் நடக்கலை. அப்புறம் அந்தப் பக்கத்துலேருந்து நாவல் கொட்டை ரோட்டுல விழுந்துச்சு. ஒண்ணு, ரெண்டு, அப்புறம் மழை மாதிரி. தின்னுக்கிட்டிருக்கார். மாமியார் எட்டிப் பார்த்துச்சு. கயித்துல ஒரு கை வச்சுச்சு. போச்சு. பின்னாடி வயித்துல குட்டியோட ஒண்ணு. பின்னாடி எல்லாம்.

வீட்டுக்காரர் சத்தமா எண்ணிக்கிட்டே வந்தார். இருபத்தாறுல நின்னுட்டார். "இருபத்தேழு எங்க?"

பார்த்தா, மரத்துக்காரர் கயித்துல இந்தப் பக்கம் திரும்பி வந்துக்கிட்டிருக்கார். பஸ் இன்னும் கிளம்பலையே.

மேகலா அழுதுக்கிட்டே எழுதிக்கிட்டிருந்துச்சு. அந்தச் சந்தோஷத்துல, தூங்கினது நான்தான்னு சொல்லிட்டேன். "தெரியும்க்கா. அன்னைக்கு நான் எதிர்ல நாவல்மரத்தடியில இருந்தேன். உங்களைத்தான் அடிக்கோடு போட்டேன்" என்றது.

வீட்டுக்காரர் அதுக்கப்புறம் வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. யார்கிட்டயும் இது என் யோசனைன்னு சொல்லலை. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு.

மே 30, சனி

ரோட்டு ஆபீஸ்லேருந்து ஜீப் வந்துச்சு. கண்ணால பார்த்தாங்க. கயிறு இருக்கட்டும்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. மேகலா ஊருக்குப் போன் பண்ணப் போயிடுச்சு. குரங்கு நோட்டை என்கிட்ட கொடுத்துட்டுப் போனதால, மிச்சத்தை முறைப்படி அதுல எழுதினேன். அதையே இங்கயும் எழுதி வைக்கறேன்.

நேரம்: மாலை 3.50. பஸ் ஒன்று, ஜீப் ஒன்று, மனிதர் சுமார் எழுபது.

ஆண். வயது ஐம்பத்து நான்கு. "இதை யார் இப்படிக் கட்டச் சொன்னது?" என்று கண்டக்டர் கேட்டதும் பாலச்சுவர் மேல் ஏறி நின்றார். கம்பைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். ஒரு கையில் குடை. வலது கையைத் தூக்கிக் கூட்டத்துக்கு ஆட்டினார்.

3.52. சுவரிலிருந்து சாக்கடைக்குள் விழுந்தார். கூட்டம் சிரித்தது. ஞானம் முதலில் சிரித்தது.

3.53. தானாக எழுந்தார். காலைத் தடவிப் பார்த்தார். ஒரு தேயிலையைப் பறித்து மோந்து பார்த்தார்.

3.55. அதே சுவரில் மறுபடி ஏறினார். விட்ட இடத்திலிருந்து பேசினார். 4.20 வரை.

மழை: இல்லை.

மற்றவை: குடை முறிந்தது. குடை என்னுடையது.